சுவரை விட்டு விலகாத காகிதம்

சினிமா சுவரொட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்ட சுவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேலே இருப்பது இந்த வாரத்துப் படம். அதன் அடியில் போன மாதத்துப் படம். அதற்கும் அடியில் ஏதோ ஒரு பழைய தேர்தல். வெயில் காய்ந்த நாளில் நகத்தால் சுரண்டினால் துணுக்குத் துணுக்காகத்தான் வரும். நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்த பிறகு பாருங்கள்: பத்துப் பதினைந்து தாள்கள் சேர்ந்து ஒரே கனத்த அட்டையாகச் சுவரை விட்டுப் பிரிந்து தொங்கும்.

மழை செய்த அந்த வேலையை வீட்டுக்குள்ளே செய்ய வேண்டியிருந்தால்? பிரிட்டனில் பழைய வீடு வாங்கும் பலருக்கும் இதுதான் முதல் தலைவலி. அங்கே நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சுவர்களுக்குக் காகிதம் ஒட்டும் வழக்கம் உண்டு. அதிலும் புடைப்புச் சித்திரம் போல மேடு பள்ளமாக அமைந்த சுவர்த்தாள் இருக்கிறதே, அதைப் பெயர்ப்பது எளிதல்ல. புதிய காரை பூசுவதற்கு முன் அதை எப்படி எடுக்கிறார்கள், அது ஏன் அத்தனை பிடிவாதம் பிடிக்கிறது என்பதைப் பார்ப்போம். நீங்கள் பள்ளியில் படிக்கும் பௌதிகமும் ரசாயனமும் அங்கே அடுத்தடுத்து வேலைக்கு வருகின்றன.

ஆளி விதையும் மரத்தூளும்

ஃபிரெடெரிக் வால்ட்டன் என்ற ஆங்கிலேயர், பெயின்ட் டப்பாவில் எண்ணெயின் மேல் ஆடை போலப் படிந்திருந்த ரப்பர் போன்ற தோலைக் கவனித்தார். ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை ஏற்று அப்படி உறைகிறது. இதைக் கொண்டு அவர் 1860-களில் தரைவிரிப்பான லினோலியத்தை உருவாக்கினார். 1877-இல் அதே எண்ணெய்க் களியுடன் மரத்தூள் முதலியவற்றைக் கலந்து, சித்திரம் செதுக்கிய உருளைகளுக்கிடையே செலுத்திச் சுவருக்கான புடைப்புத் தகட்டைச் செய்தார். அதன் பெயர் லின்கிரஸ்டா. மரச் செதுக்கு வேலையும் தோல் வேலைப்பாடும் செய்ய வசதியில்லாத வீடுகளுக்கும் அந்தத் தோற்றம் கிடைத்தது.

லின்கிரஸ்டா விற்பனையில் வேலை பார்த்த தாமஸ் பாமர் என்பவர் இன்னும் லேசானதும் மலிவானதுமான ஒன்றை யோசித்தார். காகிதக் கூழையே ஈரமாக இருக்கும்போது அச்சில் அழுத்திப் புடைப்பு உண்டாக்கினார். 1887-இல் காப்புரிமை பெற்ற அதன் பெயர் அனக்லிப்டா. ஜெர்மனியில் ஹியூகோ எர்ஃபுர்ட் என்ற மருந்தாளர் 1864-லேயே இன்னொரு வழி கண்டிருந்தார். இரண்டு காகிதங்களுக்கு நடுவே மரச் சீவல் துணுக்குகளை வைத்து ஒட்டினால் சொரசொரப்பான தாள் கிடைக்கும். முதலில் கடைகளின் காட்சி ஜன்னல்களுக்குப் பயன்பட்ட அது, 20-ஆம் நூற்றாண்டில் சுவருக்கு வந்தது. 1960-களிலும் 70-களிலும் பிரிட்டனில் அது ஒட்டப்படாத தெரு இருந்திருக்குமா என்பதே சந்தேகம்.

ஏன் இத்தனை விருப்பம்? அழகு ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு: மேடு பள்ளமான தாள், சுவரின் விரிசலையும் கோணலையும் மறைத்துவிடும். பூச்சு கெட்டுப்போன சுவரைச் சீர்செய்வதைவிட அதன்மேல் மரச்சீவல் தாளை ஒட்டி வெள்ளை அடித்துவிடுவது மலிவு. ஆகவே இந்தத் தாள் இருக்கும் இடத்தில், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பற்றிக் கொஞ்சம் பயம் இருப்பது நியாயமே.

மேலேயே பூசினால் என்ன?

காகிதத்தை எடுப்பதற்குப் பதில் அதன் மீதே காரை பூசிவிடலாமே என்று தோன்றும். ஒரு சிறு கணக்குப் போடுங்கள். 4 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் உள்ள சுவரின் பரப்பு 10 சதுர மீட்டர். அதன் மேல் 2.5 மில்லிமீட்டர் கனத்துக்கு ஜிப்சம் பூச்சு பூசினால், அதன் கொள்ளளவு 25 லிட்டர். ஈரமான பூச்சு தண்ணீரைவிடக் கனமானது. ஆகவே எடை 40 கிலோவுக்குக் குறையாது. அந்த 40 கிலோவையும் தாங்கப் போவது எது? எப்போதோ தடவிய பசை! அது மட்டுமா, பூச்சில் உள்ள தண்ணீரே காகிதத்தை ஊற வைத்துப் பசையை இளக்கும். தொங்க விடும் கயிற்றை நாமே அறுப்பது போன்ற வேலை. உடனே விழாவிட்டாலும் காய்ந்த பின் உப்பி வெடிக்கும். ஆகவே காகிதம் போயே தீர வேண்டும்.

அது காகிதம்தானா?

சுரண்டியைக் கையில் எடுப்பதற்கு முன் விடை காண வேண்டிய கேள்வி இது. இதில் அவசரப்பட்டால் உயிருக்கே ஆபத்து.

பிரிட்டனில் சுவர்களிலும் கூரையின் அடிப்பக்கத்திலும் காகிதமல்லாத இன்னொரு புடைப்பு அலங்காரமும் பரவியிருந்தது. குழைத்த பூச்சைத் தடவி, ஈரத்தோடு சீப்பாலும் தூரிகையாலும் அலை அலையாகக் கோலமிடுவார்கள். இத்தகைய பூச்சுகளில் 1980-களின் நடுப்பகுதி வரையில் வெள்ளைக் கல்நார் கலக்கப்பட்டிருந்தது. அதைச் சுரண்டினாலோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலோ, கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கிளம்பி நுரையீரலுக்குள் போகும். அவை அங்கே கரையாமல் தங்கிவிடும். நுரையீரல் உறையைத் தாக்கும் ஒரு வகைப் புற்றுநோய் இதனால் வருகிறது. அதுவும் இழை உள்ளே போய் இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்து. பிரிட்டன் எல்லா வகைக் கல்நாரையும் 1999-இல் தடை செய்தது. ஆனால் ஏற்கெனவே பூசிய சுவர்கள் அப்படியே நிற்கின்றன. (நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளுக்குக் கூரையாக உள்ள கல்நார் சிமென்ட் தகடுகளை உடைப்பதும் ரம்பத்தால் அறுப்பதும் இதே காரணத்தால்தான் ஆகாது.)

காகிதத்தையும் பூச்சையும் பிரித்தறிவது எப்படி? காகிதச் சுருளின் அகலம் அங்கே ஏறத்தாழ 53 செ.மீ. சுவரின் மேல் பக்கவாட்டில் விளக்கு வெளிச்சம் விழும்படி செய்து பார்த்தால், 53 செ.மீ.க்கு ஒரு முறை மேலிருந்து கீழாக மெல்லிய இணைப்புக் கோடு தெரியும். சித்திரமும் ஒரே அளவு இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். கையால் இட்ட பூச்சுக்கு இந்த ஒழுங்கு கிடையாது. ஆனால் பல அடுக்கு பெயின்ட் கோடுகளை மூடியிருக்கலாம். காகிதத்தின் மேலேயே பூச்சுப் பூசியதும் உண்டு. ஐயம் சிறிதளவு இருந்தாலும், பயிற்சி பெற்றவரைக் கொண்டு ஈரப்படுத்திய சிறு துண்டை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே முனைவாக்கிய ஒளியில் நுண்ணோக்கியின் கீழ் வைத்து இழைகளை அடையாளம் காண்பார்கள். முடிவு வரும் வரையில் சுவரைத் தொடக் கூடாது.

இரண்டாவது எதிரி காரீயம். பழைய எண்ணெய்ப் பெயின்ட்களில் காரீயச் சேர்மங்கள் தாராளமாகக் கலந்திருந்தன. புடைப்புத் தாள்களின் மேல் அந்தப் பெயின்ட் பல முறை அடிக்கப்பட்டிருக்கும். அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்தியாவிலும் வீட்டுப் பெயின்ட்களில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல்தான் அறிவிக்கப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். ஆகவே உலர்ந்த நிலையில் தேய்ப்பது அறவே கூடாது. நல்ல வேளையாக, காகிதத்தை உரிக்கத் தேவைப்படும் தண்ணீரே தூசியையும் அடக்கிவிடுகிறது.

முந்தின நாள் இட்லியும் முப்பது வருடப் பசையும்

நம் சுவரொட்டிக்காரர் மைதாவைக் காய்ச்சி, மயில்துத்தம் கொஞ்சம் கலந்து பசை செய்கிறார். பிரிட்டனின் பழைய சுவர்த்தாள் பசையும் கோதுமை மாவுதான். மாவில் இருக்கும் ஸ்டார்ச், குளுகோஸ் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. பச்சை மாவில் இந்தச் சங்கிலிகள் சிறு மணிகளுக்குள் நெருக்கமாகச் சுருண்டு கிடக்கின்றன. தண்ணீரில் 60, 70 டிகிரி செல்ஷியஸுக்குச் சூடேறும்போது மணிகள் உப்பி வெடித்து, சங்கிலிகள் வெளியே வந்து கூழாகின்றன. இந்தக் கூழைத் தடவினால், சங்கிலிகள் ஒரு பக்கம் காகிதத்தின் இழைகளையும் மறுபக்கம் சுவரின் நுண்துளைகளையும் பற்றிக்கொள்கின்றன. தண்ணீர் ஆவியாகிப் போனதும் சங்கிலிகளுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் எண்ணற்று உண்டாகிப் பிடி இறுகுகிறது. கஞ்சி போட்ட வேட்டி விறைப்பாக நிற்பதும் இதனால்தான்.

நாள் ஆக ஆகச் சங்கிலிகள் இன்னும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு கெட்டிப்படுகின்றன. முந்தின நாள் இட்லி இறுகிப் போவது ஏன் என்று நினைக்கிறீர்கள்? அதே காரணம். அந்த இட்லியைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் பிரயோசனமில்லை; மறுபடி ஆவியில் வைத்தால் மிருதுவாகிறது. வெப்பமும் நீரும் சேர்ந்து சங்கிலிகளுக்கிடையே நுழைந்து பிணைப்புகளைப் பிரிக்கின்றன. பழைய சுவர்த்தாளுக்குத் தேவைப்படும் மருந்தும் அதேதான்.

தடை எங்கே? மேலே. புடைப்புத் தாளின் மேல் ஐந்தாறு அடுக்குப் பெயின்ட் இருக்கும். அது தண்ணீரை உள்ளே விடாது. ஆகவே சிறு பற்கள் கொண்ட சக்கரத்தைத் தாளின் மேல் உருட்டி ஆயிரக்கணக்கான துளைகள் போடுகிறார்கள். அழுத்தம் கொஞ்சம் கூடினால் பற்கள் பூச்சுக்குள்ளும் இறங்கிவிடும். பிறகு அந்த வடுக்களை அடைப்பது தனி வேலை. வினைல் பூசிய தாளாக இருந்தால் முதலில் மூலையைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள். மேல்தோல் மட்டும் தனியே உரிந்து, ஊறக்கூடிய அடிக்காகிதம் வெளிப்பட்டால் அதிர்ஷ்டம்.

பிறகு வெந்நீர். அதில் பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைசல் சில துளிகள். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. முத்து முத்தாக வழுக்கி ஓடும் நீர், பரவி நனைத்துத் துளைகளில் புகுகிறது. வெப்பத்துக்கு இங்கே இன்னொரு பயனும் உண்டு. 60 டிகிரியில் நீரின் பாகுநிலை, 20 டிகிரியில் இருப்பதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அதாவது நுண்துளைகளில் இரண்டு மடங்கு எளிதாக ஊர்கிறது.

அடுத்து வேண்டியது பொறுமை. இதற்கும் கணக்கு உண்டு. காகிதத்தில் நீர் ஊறிச் செல்லும் தூரம், நேரத்தின் வர்க்க மூலத்துக்கு ஏற்றபடி கூடுகிறது. தாள் இரண்டு மடங்கு தடிமனானால் நான்கு மடங்கு நேரம் வேண்டும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ஒற்றைத் தாள் ஐந்து நிமிஷத்தில் ஊறிவிட்டது என்பதற்காக மூன்று தாள் பதினைந்து நிமிஷத்தில் ஊறும் என்று சுரண்டியை எடுப்பவர் ஏமாந்துபோவார். முக்கால் மணி ஆகும். இந்த வேலையில் தோற்பவர்களில் பெரும்பாலோர் பலம் போதாமல் தோற்பதில்லை, அவசரத்தால் தோற்கிறார்கள் என்பது என் கருத்து.

நீராவி

இதற்கும் மசியாத தாளுக்கு நீராவிக் கருவி இருக்கிறது. மின்சாரத்தால் நீரைக் கொதிக்க வைக்கும் தொட்டி, ஒரு குழாய், குழாயின் முனையில் கவிழ்த்த தட்டு போன்ற ஒரு மூடி. அவ்வளவுதான். மூடியைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால் நீராவி தாளுக்குள் புகுகிறது.

வெந்நீரைவிட நீராவி ஏன் சக்தி மிக்கது? 100 டிகிரியில் உள்ள ஒரு கிராம் வெந்நீர் 60 டிகிரிக்குக் குளிர்ந்தால் 40 கலோரி வெப்பம் தரும். 100 டிகிரியில் உள்ள ஒரு கிராம் நீராவி, முதலில் நீராக மாறும்போதே 540 கலோரி தந்துவிடுகிறது. உள்ளுறை வெப்பம் என்று நீங்கள் படித்தது இதுதான். பிறகு 60 டிகிரிக்குக் குளிரும்போது இன்னொரு 40. மொத்தம் 580, வெந்நீரைப்போலப் பதினான்கரை மடங்கு! அதுவும் எங்கே? குளிர்ந்த இடம் எதுவோ அங்கே போய்த்தான் நீராவி குளிர்ந்து நீராகும். அதாவது தாளின் உள்ளே, பசை இருக்கும் இடத்துக்கு அருகில். வெப்பமும் நீரும் ஒரே வண்டியில் வந்து இறங்குவது போல.

2000 வாட் கருவி ஒன்று வினாடிக்கு 2000 ஜூல் தருகிறது. ஒரு கிராம் நீரை ஆவியாக்க 2260 ஜூல் வேண்டும். ஆகவே நிமிஷத்துக்குச் சுமார் 53 கிராம் நீராவி. 4 லிட்டர் தொட்டி ஒன்றேகால் மணி நேரத்துக்கு வரும். வாங்குவதற்கு முன்பே இதை நீங்கள் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஓரிடத்தில் அரை நிமிஷம் முதல் ஒரு நிமிஷம் வரை பிடித்து, மூடியை அடுத்த இடத்துக்கு நகர்த்திவிட்டு, விட்ட இடத்தை அகன்ற தகட்டுச் சுரண்டியால் எடுக்கிறார்கள். சுரண்டியைச் சுவரோடு படிந்தாற்போல் சாய்த்துப் பிடித்தால் அது ஆப்பு போலத் தாளுக்கும் சுவருக்கும் நடுவே நுழையும். செங்குத்தாகப் பிடித்தால் உளியாக மாறிப் பூச்சைக் குடையும். அதிக நேரம் ஆவி காட்டுவதும் ஆபத்துதான். மேல்பூச்சு சூட்டாலும் ஈரத்தாலும் அடிப்பூச்சை விட்டுக் கழன்று உப்பிவிடும். காகித உறை போட்ட ஜிப்சம் பலகைச் சுவராக இருந்தால் பலகையின் உறையே ஊறிக் கிழியும். கொதிநீர் கை வழியே முழங்கைக்கு வழிவதால் கையுறை வேண்டும். சுவரிலுள்ள சுவிட்சுகளுக்கு மின்சாரத்தை முதலிலேயே நிறுத்திவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

நீராவிக்கு மாற்றாக நொதி கலந்த கரைசல்களும் விற்கப்படுகின்றன. அமைலேஸ் என்ற நொதி ஸ்டார்ச் சங்கிலியைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. உமிழ்நீரும் அயோடினும் கொண்டு பள்ளியில் செய்யும் சோதனை நினைவிருக்கிறதா? அதே நொதிதான். ஆனால் நொதி ஒரு புரதம். கொதிக்கும் நீரில் கலந்தால் உருக்குலைந்து செயலிழக்கும். வெதுவெதுப்பான நீரே போதும். பிற்காலத்துப் பசைகளில் ஸ்டார்ச்சுக்குப் பதில் மெதில் செல்லுலோஸ் இருப்பதுண்டு. அதன்மேல் அமைலேஸின் கத்தி வெட்டாது. விசித்திரம் என்னவென்றால், மெதில் செல்லுலோஸ் குளிர்ந்த நீரில் கரையும், சூடான நீரில் களியாக உறையும்! சாதாரணப் பொருள்களுக்கு நேர்மாறு.

எல்லாவற்றுக்கும் அசையாதது லின்கிரஸ்டா. உறைந்த ஆளி எண்ணெயில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வலைபோலப் பின்னிக்கொண்டிருக்கின்றன. ஹைட்ரஜன் பிணைப்பு அல்ல இது. நீரோ நீராவியோ இதைப் பிரிக்காது. வற்புறுத்தி இழுத்தால் பூச்சு பாளம் பாளமாகச் சேர்ந்து வரும். நூற்றாண்டு கடந்த லின்கிரஸ்டா நல்ல நிலையில் இருந்தால் அதைப் பழுது பார்த்து வைத்துக்கொள்வதே அறிவுடைமை. அடுத்த தலைமுறைக்கு அது ஒரு கைவினைச் சான்று.

தட்டிப் பார்

காகிதம் போன பிறகு சுவரின் உண்மை முகம் தெரிகிறது. பானை வாங்கும்போது பாட்டி என்ன செய்வார்? விரலால் தட்டிப் பார்ப்பார். கொத்தனாரும் அதையே செய்கிறார். அடியோடு ஒட்டியிருக்கும் பூச்சு கணீரென்று ஒலிக்கும். கழன்றிருக்கும் பூச்சின் பின்னால் காற்று இருப்பதால் பொக்கென்று ஒலிக்கும். பொக்கு இடங்களைச் சுற்றிக் கரித்துண்டால் கோடிட்டு வெட்டி எடுத்து நிரப்ப வேண்டும். சில பழைய சுவர்களில் பூச்சைப் பல காலமாகத் தாங்கி நின்றதே அந்தத் தாள்தான் என்பதும் அப்போது தெரியவரும்.

சுவரில் தங்கிய பசையைக் கழுவுவது அடுத்த வேலை. பசை மிஞ்சினால் புதிய பூச்சின் ஈரத்தில் அது மறுபடி உயிர் பெற்று வழுக்கும் படலமாகும். பூஞ்சைக்கும் நல்ல சாப்பாடு. ஸ்பாஞ்சும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு, நீரை அடிக்கடி மாற்றிக் கழுவ வேண்டும். மாவுப் பசை போய்விட்டதா என்று ஒரு மூலையில் நீர்த்த அயோடின் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். கருநீலம் வந்தால் ஸ்டார்ச் இன்னும் இருக்கிறது.

பிறகு சுவர் உலர வேண்டும். ஆனால் முற்றிலும் தாகமெடுத்த சுவரும் உதவாது. பாரிஸ் சாந்து இனத்தைச் சேர்ந்த பூச்சு இறுகுவதற்குத் தண்ணீர் ரசாயன முறையில் தேவை: 145 கிராம் தூள் 27 கிராம் நீரைத் தன்னுள் ஏற்று 172 கிராம் ஜிப்சமாகிறது. அந்த நீரைச் சுவர் உறிஞ்சிவிட்டால் பூச்சு இறுகாமல் பொடியாக நிற்கும். ஆகையால் நீர்த்த பசைக் கரைசலை முன்னதாகத் தடவிச் சுவரின் தாகத்தை அடக்குகிறார்கள்.

எல்லாச் சுவருக்கும் ஜிப்சம் ஏற்றதல்ல. விக்டோரியா காலத்து வீடுகளில் நடுவே காற்றிடைவெளி இல்லாத கனத்த செங்கல் சுவர்கள் உண்டு. அவை மழை ஈரத்தை உள்வாங்கி, வெயிலில் வெளிவிட்டு வாழ்பவை. சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தைப் போக விடும். ஜிப்சமோ ஈரத்திலேயே இருந்தால் கெட்டுப்போகும்; ஒரு லிட்டர் நீரில் சுமார் 2 கிராம் வீதம் கரையவும் செய்யும். அத்தகைய சுவரில் சுண்ணாம்பையே மறுபடி பூச வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடை ஏற்றுக் கல்லாக மாறுவதற்கு வாரங்கள், மாதங்கள் ஆகும். ஜிப்சம் சில மணி நேரத்தில் இறுகிவிடும். ஆனால் குழைப்பதற்காகச் சேர்த்த மிகுதி நீர் வெளியேற நாட்கள் வேண்டும். பிரிட்டனில் வழக்கமாகப் பூசும் மேல்பூச்சு இளஞ்சிவப்பு நிறம். ஈரமாக இருக்கையில் அடர்ந்த செம்பழுப்பாகத் தெரியும். சுவர் முழுவதும் திட்டுத் திட்டாக இல்லாமல் ஒரே வெளிர் நிறத்துக்கு வந்த பிறகுதான் பெயின்ட் டப்பாவைத் திறப்பார்கள்.